பிதுங்கும் பண்டமும் டியூப் மூடியும்

சீசா, ஜாடி, டப்பா முதலிய கொள்கலன்கள் தம் வடிவம் மாறாமல் நின்று உள்ளிருக்கும் பண்டத்தைத் தருபவை. டியூப் தானே நசுங்கித்தான் பண்டத்தைத் தரும். ஆகையால் சீசாவின் மூடி வாயை அடைத்தால் அதன் கடமை முடிந்துவிடுகிறது. டியூபின் வாயும் மூடியும் அடைப்பதோடு, பண்டம் எவ்வளவு பருமனில் வெளிவர வேண்டும், எந்த இடத்தில் அறுபட வேண்டும், கையை எடுத்த பின் உள்ளே காற்று புகலாமா கூடாதா என்பவற்றுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கூடுதல் வேலைகள் ஒவ்வொன்றாகவே மூடியின்மேல் ஏறின. டியூபின் சுவர் எந்தப் பொருளால் செய்யப்பட்டதோ அந்தப் பொருளின் குணமே அவற்றுள் பலவற்றை வகுத்தது. மூடியின் வரலாற்றைச் சுவரின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதினால், திருகு மூடி போய்த் தட்டித் திறக்கும் மூடி வந்தது வெறும் நாகரிக மாற்றமாகத் தோன்றிவிடும்.

டியூபுக்கு முந்தைய ஏற்பாடு விலங்கின் சவ்வு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஐரோப்பிய வண்ணக் கடைக்காரர்கள் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் நிரப்பி, வாயை நூலால் இறுகக் கட்டி ஓவியர்களுக்கு விற்றனர். ஓவியர் அந்தப் பையை ஒரு சிற்றாணியால் குத்தி, வேண்டிய அளவு வண்ணத்தைப் பலகையில் பிதுக்கிக்கொண்டு, அதே ஆணியைத் துளையில் செருகி வைப்பார். குத்தும் கருவியே அடைப்பானாகவும் இருந்தது என்ற அளவில் இது சிக்கனமான ஏற்பாடுதான். தமிழ்நாட்டுத் திருமண வீடுகளில் புழங்கும் மருதாணிக் கோனின் நுனியில் குண்டூசி செருகி வைப்பதும் இதே முறையே; ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் பண்டத்துக்கு அதற்கு மேல் ஒரு மூடி தேவைப்படுவதில்லை. எண்ணெய் வண்ணமோ மாதக்கணக்கில் இருக்க வேண்டிய பண்டம். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தோல்போலக் கெட்டிப்படுகிறது. எனவே ஆணியின் விளிம்போரம் கசியும் சிறிதளவு காற்றே விலையுயர்ந்த வண்ணத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. துளை கிழிவதும், பயணத்தில் பை வெடிப்பதும் இதற்கு மேற்பட்ட இழப்புகள்.

லண்டனில் 1832இல் தொடங்கப்பட்ட வின்சர் அண்ட் நியூட்டன் என்ற வண்ண நிறுவனம் சவ்வுப் பைக்கு மாற்றாகக் கண்ணாடிப் பீச்சாங்குழலில் வண்ணத்தை அடைத்து விற்க முனைந்தது. தண்டை அழுத்தினால் வண்ணம் வரும். கண்ணாடியோ எளிதில் உடையும், விலையும் கூடுதல். இந்நிலையில்தான் லண்டனில் வாழ்ந்த அமெரிக்க உருவப்பட ஓவியர் ஜான் காஃப் ராண்ட், மெல்லிய வெள்ளீயத் தகட்டால் ஆன, நசுக்கினால் நசுங்கியே நிற்கும் குழாயை உருவாக்கி, 1841 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வாலை மடித்து அடைத்து, தலையில் திருகு மூடி பொருத்திய இக்குழாய் விரைவிலேயே ஓவியர்களின் வழக்கமான கொள்கலனாயிற்று.

ராண்டின் வெற்றிக்குக் காரணம் வெள்ளீயத்தின் ஒரு குணம். அழுத்தியபின் அது பழைய வடிவுக்குத் திரும்ப முயல்வதில்லை. எவ்வளவு நசுக்கப்பட்டதோ அவ்வளவில் கிடக்கிறது. பண்டம் வெளியேறிய இடத்தில் வெற்றிடம் உண்டாவதில்லை என்பதால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசையும் இல்லை. ஆகவே மூடி செய்ய வேண்டியவை இரண்டே: வாயை இறுக அடைப்பது, அடுத்த முறை எளிதாகத் திறப்பது. மரை, அதாவது திருகின் சுருள் புரி, இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றிற்று; கையால் மெல்லத் திருகும் விசை, மரையின் சரிவால் பெருகி, மூடியின் அடித்தளத்தை மூக்கின், அதாவது டியூப் வாயின் நீட்டத்தின், விளிம்போடு பலமாக அழுத்திவிடுகிறது.

மரையின் குறையும் அதே இடத்தில்தான் இருந்தது. பிதுக்கிய வண்ணத்தின் எச்சம் மூக்கின் வெளிப்புறம் வழிந்து மரைப் பள்ளத்தில் தங்கி, மூடியைத் திருகும்போது இரு புரிகளுக்கும் நடுவே பரவி, நாளடைவில் பசைபோல இறுகிவிடும். கழுத்தின் உலோகமோ மெல்லியது. மூடியை வலிந்து திருகினால் மூடி நகராமல் குழாயின் கழுத்தே முறுக்கிக் கிழிந்துவிடும். தீக்குச்சியைக் கொளுத்தி மூடியைச் சூடாக்கி, உலர்ந்த எண்ணெய்ப் படலம் இளகியதும் துணியால் பிடித்துத் திறப்பது ஓவியக்கூடங்களில் இன்றும் கையாளப்படும் உத்தி. மூடுமுன் மூக்கைத் துடைக்கும் பழக்கம் ஓவியப் பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்றானதற்கும் இதுவே காரணம். பிற்காலத்தில் மூடி வடிவமைப்பாளர்கள் செய்த பெரும்பகுதி வேலை, பயன்படுத்துவோர் மூக்கைத் துடைக்கமாட்டார்கள் என்ற உண்மையை ஒப்புக்கொண்டு தொடங்கியதே.

டியூப் வண்ணம் இல்லாமல் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கமே தோன்றியிருக்காது என்ற கருத்து அவ்வியக்கத்து ஓவியர் ரெனுவாரின் பெயரால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இதில் மிகை உண்டு. ஆனால் வெட்டவெளியில் அமர்ந்து ஒரே அமர்வில் பத்து வண்ணங்களைத் திறந்து மூடி, மீதியை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது என்பதில் ஐயமில்லை. அதைச் சாத்தியமாக்கியதில் நசுங்கும் குழாய்க்கு இருந்த பங்கு மீண்டும் மீண்டும் மூடத்தக்க வாய்க்கும் இருந்தது. புகழுரைகளில் பின்னது இடம்பெறுவதில்லை.

வண்ணத்திலிருந்து டியூப் பற்பசைக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதுவரை பற்பசை பீங்கான் கிண்ணத்திலும் ஜாடியிலுமே விற்கப்பட்டது; கோல்கேட் நிறுவனமும் 1873இல் ஜாடியிலேயே தொடங்கியது. வீட்டார் அனைவரும் ஒரே ஜாடியில் தத்தம் பிரஷ்ஷைத் தோய்த்த காலம் அது. வியன்னாவில் 1887இல் கலோடோண்ட் என்ற பற்பசை டியூபில் வெளிவந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரப் பல் மருத்துவர் வாஷிங்டன் ஷெஃபீல்டு 1892இல் தம் பற்பசையை டியூபில் அடைத்தார். கோல்கேட் 1896இல் அவ்வழியைப் பின்பற்றியது. டியூபின் திருகு மூடி இங்கே சுகாதாரச் சாதனமாக மாறிற்று: ஒருவரது பிரஷ் தொட்ட பசை மற்றவருக்குப் போகாது.

பற்பசைக்கான மூடி எண்ணெய் வண்ணத்துக்கான மூடியைவிட எளிதாக இருக்க முடிந்ததற்குப் பசையின் சேர்மானமும் காரணம். பற்பசையில் உலர்வது நீர்; அந்த நீரைப் பிடித்துவைக்கக் கிளிசரின், சார்பிட்டால் போன்ற ஈரங்காப்பிகள் சேர்க்கப்படுகின்றன. காலையில் மூடியைத் திருக மறந்தவரின் டியூபும் மாலைவரை அடைபடாமல் இருப்பதற்கு மூடி செய்தவரைவிட வேதியியலாளருக்கே நன்றி சொல்ல வேண்டும். மருந்துக் களிம்பின் நிலை வேறு. அங்கே முதல் திறப்பு வரை மாசு புகாமல் இருப்பது முதன்மை என்பதால், அலுமினிய டியூபின் வாயிலேயே ஒரு மெல்லிய சவ்வுத் தகடு விடப்பட்டு, அதைக் குத்தும் முனை மூடியின் உச்சியில் அமைக்கப்பட்டது. மூடியைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி, கூம்பு முனையை வாயில் வைத்து அழுத்தினால் தகடு கிழிந்து வழிவிடுகிறது. ஒரே மூடி ஒருபுறம் திறவுகோலாகவும் மறுபுறம் அடைப்பானாகவும் இருக்கும் இந்த வடிவம் பெரிய மாற்றமின்றி இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

கெட்டியான பண்டம் வாயில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கான அறிவியல் விளக்கம் மூடிக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. அமெரிக்க வேதியியலாளர் யூஜின் பிங்கம் 1916இல் வெளியிட்ட ஆய்வு, களிமண் குழம்பு போன்ற பண்டங்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த விசையில் திடப்பொருளைப்போல அசையாமல் நின்று, அந்த அளவைத் தாண்டியதும் திரவம்போல ஓடத் தொடங்குகின்றன என்பதை விளக்கிற்று. இந்த அளவை இளகுவரம்பு எனலாம். வண்ணக் குழம்பையும் அவர் பின்னர் இவ்வாறே ஆராய்ந்தார். பொருள்களின் ஓட்டத்தை ஆராயும் ரியாலஜி என்ற துறை அவருடைய முயற்சியால் பெயர் பெற்று, 1929இல் அதற்கென ஒரு சங்கமும் தோன்றியது. பற்பசை பிங்கம் வகைப் பண்டத்துக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. திறந்த டியூபைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வழியாததற்கும், பிரஷ்ஷின்மேல் வைத்த பின் இழைகளுக்குள் அமிழாமல் நிற்பதற்கும் இளகுவரம்பே காரணம். மூக்கினுள் அது நகரும் விதமும் தனித்தன்மையுடையது: சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் இளகி வழுக்க, நடுப்பகுதி முழுவதும் ஒரே தண்டாக, உள்ளே கலங்காமல், வெளிவருகிறது.

வாயின் விட்டத்தை ஒரு நிறுவனம் பெரிதாக்கியதாகவும், மக்கள் வழக்கம்போல ஒரே நீளத்துக்குப் பசை வைத்ததால் விற்பனை பெருகியதாகவும் மேலாண்மை வகுப்புகளில் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரோ ஆண்டோ இன்றிச் சொல்லப்படும் கதை என்பதால் அதை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆனால் கணக்கு சரிதான். 5 மில்லிமீட்டர் விட்டத்தை 6 ஆக்கினால் அதே நீளத்தில் 44 விழுக்காடு கூடுதல் பசை வெளியேறும். கதை மறைப்பது, வாயின் விட்டத்தை உற்பத்தியாளர் நினைத்தபடியெல்லாம் மாற்ற முடியாது என்பதை. துளை குறுகினால் முதியவரும் குழந்தையும் பிதுக்கத் திணறுவர். அகன்றால் அழுத்தத்தை நிறுத்திய பின்னும் அறுபடாத வால் தொங்கும்.

வாயின் வடிவத்தைக் கொண்டே பண்டத்துக்கு அழகூட்டும் முயற்சிகளும் நடந்தன. ஐரோப்பாவில் மயோனைஸ் விற்கும் டியூப்கள் சிலவற்றின் மூக்கு, முறுக்கு அச்சின் நட்சத்திரத் துளையைப்போல முனைகளோடு வெட்டப்பட்டு, வரிவரியான இழையைத் தருகிறது. இவ்வகையில் மிக நுட்பமானது லெனார்டு மராஃபினோ என்ற அமெரிக்கர் 1957இல் காப்புரிமை பெற்ற கோடுபோட்ட பற்பசைக்கான மூக்கு. டியூபின் வாயிலிருந்து ஒரு குறுங்குழல் உள்நோக்கி நீண்டிருக்கும். அந்தக் குழலைச் சூழ்ந்த கழுத்துப் பகுதியில் மட்டும் சிவப்புப் பசையும், குழல் முடியும் இடத்துக்குப் பின்னால் வெள்ளைப் பசையும் நிரப்பப்படும். டியூபை அழுத்தும்போது வெள்ளைப் பசை குழலுக்குள் நுழைந்து நடுவே வருகிறது. அதே அழுத்தம் வெள்ளையின் வழியாகச் சிவப்பையும் தள்ள, அது வாயருகே குழலின் சுவரில் இடப்பட்ட சிறு துளைகளால் உட்புகுந்து வெள்ளைத் தண்டின் மேல் கோடுகளாகப் படிகிறது. பசை தண்டாகவே நகர்வதால் கோடுகள் கலங்குவதில்லை. லீவர் பிரதர்ஸ் நிறுவனம் இதனை 1958இல் ஸ்ட்ரைப் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் முடித்த வேலை என்ற வகையில் டியூப் வாயின் வரலாற்றில் இதற்கு நிகரானவை குறைவு.

இதற்குள் சுவரின் பொருள் மாறத் தொடங்கியிருந்தது, தொடக்கிவைத்தது இரண்டாம் உலகப் போர். உலகின் வெள்ளீயத்தில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் சென்றுகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. அவ்வாண்டு வசந்த காலம் முதல் அமெரிக்காவில் புதிய பற்பசை அல்லது சவரக் கிரீம் டியூப் வாங்குபவர் தீர்ந்துபோன பழைய டியூபைக் கடையில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. போருக்குப் பின் விலை குறைந்த, எடை குறைந்த அலுமினியம் வெள்ளீயத்தின் இடத்தை நிரப்பிற்று. மூடிகள் உலோகத்திலிருந்து பேக்கலைட் போன்ற வெப்பத்தில் இறுகும் பிளாஸ்டிக்குகளுக்கும், பின்னர் உருக்கி வார்க்கத்தக்க பிளாஸ்டிக்குகளுக்கும் மாறின. ஆயினும் அலுமினியமும் நசுங்கியபடியே கிடக்கும் உலோகம் என்பதால் மூடியின் வேலை மாறவில்லை.

1950களில் பாலிஎத்திலீன் டியூப் வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்தது. பாலிஎத்திலீன் சுவர் அழுத்தத்துக்கு வளைந்து, கையை எடுத்ததும் பழைய வடிவுக்கு மீள்கிறது. மீளும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வாய் வழியே காற்று இழுக்கப்படுகிறது. வாயில் நிற்கும் பண்டமும் ஓரளவு உள்வாங்கப்படுகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு: உலோக டியூபில் தொங்கிய வால் இங்கே தானே உள்ளிழுக்கப்பட்டு அறுபடும். தீமை, உட்புகுந்த காற்று பண்டத்தின் நடுவே குமிழாகத் தங்கி, அடுத்த முறை அழுத்தும்போது முதலில் காற்றும் பிறகு திடீரென்று பண்டமும் தெறிக்கச் செய்வது. காற்றால் கெடும் மருந்துகளுக்கும் மணம் இழக்கும் பசைகளுக்கும் இது ஏற்புடையதன்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் கேன் நிறுவனம் பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே அலுமினியத் தாளை வைத்து ஒட்டிய அடுக்குத் தகட்டு டியூபை அறிமுகப்படுத்தியது. உலோகத்தின் காப்பும் பிளாஸ்டிக்கின் வெடிக்காத தன்மையும் சேர்ந்த இது பற்பசைக்கு நிலைத்துவிட்டது. இந்தியாவில் 1982இல் தோன்றிய எஸ்ஸெல் பேக்கேஜிங் இவ்வகை டியூப்களைச் செய்து, பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய டியூப் உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. வாலிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்த அலுமினிய டியூபைப் பழகிய தமிழ்நாட்டு வீடுகளில் புதிய டியூப் சுருட்டினால் நிற்காமல் விரிந்துகொண்டது வியப்பாக இருந்ததற்கு, மேற்சொன்ன மீள்தன்மையே காரணம்.

சுவர் பிளாஸ்டிக்கானதும் மூடியைச் சுவரின் அகலத்துக்கே விரித்து, டியூபை அதன்மேல் தலைகீழாக நிறுத்த வழி பிறந்தது. பண்டம் எப்போதும் வாயருகே இருக்கும், காற்று மேலேறி வால் பக்கம் நிற்கும் என்பது இதன் பயன். ஆனால் அகன்ற மூடியை ஒவ்வொரு முறையும் திருகுவது, குளியலறையில் சோப்பு நுரை படிந்த கைக்கு, எளிதன்று. இதற்குத் தீர்வு தந்தது பாலிபுரோப்பிலீன். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நட்டா 1954இல் ஒழுங்கான அமைப்புடன் உருவாக்கிக் காட்டிய இந்தப் பிளாஸ்டிக், 1957இல் வணிக உற்பத்திக்கு வந்தது. அதன் ஒரு பண்பு மூடிக்கென்றே வாய்த்தது போலும்: கால் முதல் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய பட்டையாக வார்த்து, வார்த்த சூட்டோடு ஒருமுறை மடித்துவிட்டால், அதன் நீண்ட மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசைப்பட்டு, பின்னர் லட்சக்கணக்கான முறை மடித்தாலும் முறியாத கீலாகிவிடுகிறது. தனிக் கீல், ஆணி, கோத்து இணைக்கும் வேலை எதுவும் இன்றி, மூடியும் அடிப்பகுதியும் ஒரே வார்ப்பாக வெளிவருகின்றன. மோல்டிங் ஆலைகள் சிலவற்றில் மூடி அச்சைவிட்டு வெளியேறுமுன்பே இயந்திரம் அதை மடித்து மூடிவிடுகிறது. அந்த முதல் மடிப்பை வாங்குபவர் கைக்கு விட்டுவைப்பதில்லை.

தட்டித் திறக்கும் இந்த மூடியின் உட்புறத்தில் ஒரு சிறு குமிழ் இருக்கும். மூடும்போது அது வாய்த் துளைக்குள் இறுக நுழைந்து அடைக்கிறது; மரை செய்த வேலையை இங்கே குமிழும் துளையும் ஒன்றையொன்று நெருக்குவது செய்கிறது. துளையைச் சுற்றிய தளத்தில் பண்டம் படிந்து உலர்ந்தால் குமிழ் சரியாக அமராது என்பதால், துளையின் விளிம்பைச் சற்றே உயர்த்தி, கூர்மையாக வெட்டி, பண்டத்தை அங்கேயே அறுத்துவிடுவது வழக்கம்.

தலைகீழாக நிற்கும் கொள்கலனில் வாய் திறந்ததும் பண்டம் தானே கொட்டாதிருக்க வேண்டும், கையை எடுத்ததும் காற்று மட்டும் மேலேற வேண்டும். பற்பசைக்கு அதன் இளகுவரம்பே காவல். ஷாம்பூவுக்கும் தக்காளி சாஸுக்கும் அந்தக் காவல் போதாது. மிச்சிகன் மாநிலத்து மிட்லண்டில் சிறு வார்ப்புத் தொழிற்கூடம் நடத்திய பால் பிரௌன், நூற்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் தோற்ற பின், 1991இல் இதற்கு ஒரு சிலிக்கோன் வால்வை உருவாக்கினார். குழிந்த மெல்லிய சிலிக்கோன் வில்லையில் குறுக்கும் நெடுக்குமாக இரு கீறல்கள். அழுத்தினால் வில்லை வெளிப்புறம் புடைத்து நான்கு இதழ்களும் விரியும், விட்டதும் உள்வாங்கி இதழ்கள் ஒன்றையொன்று முட்டி அடைத்துக்கொள்ளும். மீளும் சுவர் இழுக்கும் காற்று உள்ளே போக மட்டும் கணநேரம் இதழ்கள் உட்புறம் வழிவிடுகின்றன. ஹைன்ஸ் நிறுவனம் 2002இல் தலைகீழாக நிற்கும் தக்காளி சாஸ் சீசாவைக் கொண்டுவந்தபோது உலகெங்கும் மக்கள் கையாளத் தொடங்கியது இவ்வகை வால்வையே. சுவர் மூச்சுவிடுவதால் எழுந்த சிக்கலை அந்த மூச்சைக்கொண்டே வாயை மூடச்செய்து தீர்த்ததில் பிரௌனின் திறம் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத இந்த உறுப்பை மூடியின் ஓர் அலங்காரமாகக் கருதுவது தவறு.

அண்மைக் காலத்தில் மூடிக்கு நெருக்கடி மறுசுழற்சியிலிருந்து வந்திருக்கிறது. அலுமினியத் தாள் ஒட்டிய டியூபைப் பிரித்தெடுக்க இயலாது என்பதால், கோல்கேட் உள்ளிட்ட நிறுவனங்கள் 2019 முதல் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் ஒன்றாலேயே ஆன டியூப்களை வெளியிடத் தொடங்கின. சுவர் மீண்டும் மாறியதும் வழக்கம்போல மூடிமேல் சுமை விழுந்தது. மறுசுழற்சி ஆலைகளில் நொறுக்கிய பிளாஸ்டிக்கை நீர்த்தொட்டியில் இட்டு, மிதப்பதையும் அமிழ்வதையும் வேறாக்குவது பொதுமுறை; பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட இலேசானவை என்பதால் டியூபும் மூடியும் சேர்ந்தே மிதக்கின்றன, பிரிவதில்லை. மூடியையும் பாலிஎத்திலீனாலேயே செய்துவிடலாம் என்றால், அதன் மெல்லிய பட்டை பாலிபுரோப்பிலீன் கீலின் ஆயுளைத் தருவதில்லை. சில நூறு முறை திறந்து மூடிய பின்பும் முறியாத கீலை அதில் வார்ப்பதற்கு அச்சின் வடிவத்தையும் பட்டையின் தடிமனையும் வடிவமைப்பாளர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துவருகின்றனர். கீலே இல்லாத திருகு மூடிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.